வெட்டுக் காது

மார்ச் 4

அண்ணா,

செம்பிக்குப் பால் கட்டியிருக்கிறது. நேற்றுக் காலை குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அது என்னைக் கடந்து போனது. வயிற்றின் கீழே காம்புகள் கனத்து ஆடின. முதலில் அதைத்தான் பார்த்தேன். அப்புறம்தான் காதைப் பார்த்தேன். இடது காதின் நுனி இல்லை.

வெட்டுக் காது உள்ள நாய் குட்டி போடாது என்று நீதான் எனக்குச் சொன்னாய். நாய் பிடிக்கிற வண்டியில் கொண்டுபோய்க் கருத்தடை செய்வார்கள், வெறிநோய் ஊசி போடுவார்கள், அந்த மயக்கத்திலேயே அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டுவார்கள், அந்தக் காதைக் கண்டால் மறுபடி பிடிக்க மாட்டார்கள் என்றாய். அப்படியானால் செம்பிக்குப் பால் எப்படி வந்தது?

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்கு ஜன்னல்தான் வேலை. வண்டி வந்த நாளெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செம்பியை யாரும் ஏற்றவில்லை. பின்தெரு நாய்களுக்கு அவர்கள் வெட்டிய காது கோடு போட்டதுபோல நேராக இருக்கும். செம்பியின் காது பிறை மாதிரி வளைந்திருக்கிறது. சலூனில் ஆட்களுக்குக் காதோர முடியைச் சரிசெய்யும்போது நீ கத்தரிக்கோலை அப்படித்தான் சாய்த்துப் பிடிப்பாய்.

உனக்கு வரும் கடிதத்தைச் சிறையில் வேறொருவர் படித்துவிட்டுத்தான் தருவார்களாம். அதனால் மேலே கேட்கவில்லை. ஆம், இல்லை என்று எழுதினால் போதும்.

அம்மா விடுதிச் சமையலறைக்குத் தவறாமல் போகிறாள். அடுத்த முறை உன்னைப் பார்க்க வரும்போது என்னையும் கூப்பிட்டாள். வரவில்லை என்றேன். அவ்வளவு பேர் நடுவில் கம்பி வழியாகக் கத்திப் பேச எனக்கு வராது. குட்டையன் வாலைச் சுருட்டிக்கொண்டு நம் வாசற்படியில் படுத்திருக்கிறான். நீ அடித்த வண்டி ஓட்டுநருக்குத் தாடையில் தையல் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

தங்கை


மார்ச் 11

ஊமைக் கோட்டானுக்கு,

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்தவள், பேனாவைத் திறந்தால் போலீஸ்காரி மாதிரி கேட்கிறாயே! இதை முதலில் படிக்கிற ஐயாவுக்கும் ஒரு வணக்கம். ஐயா, உங்கள் பின்கழுத்தில் முடி சரியாக எடுக்கவில்லை. கூப்பிட்டால் வந்து எடுத்துவிடுகிறேன்.

ஆம். நான்தான். சலூன் விடுமுறை நாளில் ஒவ்வொன்றாகச் செய்தோம். சலூன் முதலாளி மாமா நாயின் வாயைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொள்வார். காது மரத்துப்போகிற வரை ஐஸ் வைப்பேன். ஒரே வெட்டு. படிகாரக் கட்டியைத் தேய்த்தால் ரத்தம் நின்றுவிடும். சவரம் செய்துகொள்கிற மனிதர்கள் போடுகிற கூச்சலில் பாதிகூட அவை போடவில்லை.

ஏன் என்று கேட்பாய். முன்பு ஒரு வண்டி வந்ததே, அது ஏற்றிப்போனதில் ஒன்றாவது திரும்பியதா? மொட்டைவால் எங்கே? சோம்பேறி எங்கே? இவர்கள் வேறு ஆட்கள், நல்லவர்கள், பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள் என்கிறார்கள். ஆள் மாறினால் என்ன, கயிறு அதே கயிறுதானே. காது வெட்டியிருந்தால் தொட மாட்டார்கள் என்றால் வெட்டிவிட்டால் போயிற்று. தெருவில் நாலைந்து பேருக்கு உண்மை தெரியும். மற்றவர்கள் வண்டிக்காரர்களே செய்தது என்று நினைத்துக்கொண்டார்கள். வண்டியும் காதைப் பார்த்துவிட்டுப் போய்விடும். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

குட்டையனுக்கு மட்டும் மனசு வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்தால் என் கண்ணைப் பார்க்கிறான். மூன்று முறை ஐஸ் வாங்கி மூன்று முறையும் கரைந்தது. அதனால்தான் அன்றைக்கு வண்டிக்காரன் கயிறு அவன் கழுத்தில் விழுந்தது. அப்புறம் என் கையில் கட்டை எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

அடுத்த மாதம் வழக்கு வருகிறது. தெருவே எனக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறதாம். அந்த ஓட்டுநர் சமாதானமாகப் போகிறேன் என்று சொன்னால் வெளியே வந்துவிடலாம் என்கிறார் வக்கீல். அதனால் காது சமாச்சாரம் உன்னோடும் இந்த ஐயாவோடும் இருக்கட்டும். பேசாமல் இருப்பது உனக்கு ஒரு கஷ்டமா என்ன?

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. நான் வேலைக்குப் போகிறேன். நாய் டாக்டரிடம்.

நீ போனபிறகு வண்டி நம் தெருவுக்குள் வரவில்லை. டாக்டரம்மா மட்டும் நடந்து வந்தார். வீடு வீடாகக் கதவைத் தட்டினார். “உங்க வண்டியாலதான் எங்க தெருப் பையன் உள்ள இருக்கான், போங்கம்மா” என்று பஞ்சர் கடை அக்கா கதவைச் சாத்தினார். டாக்டரம்மா கோபப்படவில்லை. குழாயடித் திட்டில் உட்கார்ந்துகொண்டார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். நாய்களும் கிட்டே வரவில்லை. நான் தண்ணீர் பிடிக்கப் போனேன். வழக்கம்போல எல்லாம் என் பின்னால் வந்தன.

“இதுங்க எல்லாம் நீ சொன்னா கேக்குமா?” என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். நான் எதுவும் சொல்வதில்லையே.

“சொல்லாமலே கேக்குதா? அப்போ எனக்கு நீதான் வேணும்” என்றார்.

அம்மா போகச் சொன்னாள். அதனால் போனேன். நாயைப் பிடித்துக்கொள்வதும் கூண்டு கழுவுவதும் என் வேலை. முதல் நாள் ஓட்டுநர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அவன் தங்கச்சியா?” என்றார். தலையாட்டினேன். “சரி, அந்தக் கயித்தப் புடி” என்றார். வலது பக்கத்தில் மட்டும் மெல்லுகிறார்.

அண்ணா, நாய்கள் திரும்பி வருகின்றன. நான் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகிறேன். காயம் ஆறியதும் எந்தத் தெருவில் பிடித்தார்களோ அதே தெருவில், அதே வாசலில் விடுகிறார்கள். பாதிக்குக் கதவை நான்தான் திறந்தேன். இறங்கியதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தன் இடத்தை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கின்றன.

பின்தெருவில் ஒரு நாய் வெறிபிடித்துச் செத்தது. சாகும்முன் நம் தெரு வழியாகத்தான் ஓடியதாம். “உங்க தெருவப் பத்திக் கவலை இல்ல, அங்க முக்கால்வாசி காது வெட்டினது” என்று டாக்டரம்மா சொன்னார். நான் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய கூண்டு அது.

செம்பி குட்டி போட்டுவிட்டது. டாக்டரம்மா இன்னும் பார்க்கவில்லை. அவரிடம் சொல்லிவிடட்டுமா?

தங்கை


மார்ச் 23

என் தாடையை யாராவது உடைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

யார் கையால் நான் உள்ளே வந்தேனோ அவன் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து ஊர்வலம் போகிறாய். கயிற்றைப் பிடி என்றானாம், இவள் பிடித்தாளாம். அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லக் கூடாது. நீ சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? அடித்தது ஒரு குற்றம். அவர்கள் வேலையையே ஏமாற்றினான் என்றால் அது இன்னொன்று. அந்த ஓட்டுநர் சமாதானத்துக்கு வருவானா? எனக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்? இந்தத் தெருவில் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு நல்ல பெயர். நாய்களைக் காப்பாற்றினவன் என்று.

இங்கே ராத்திரி பகல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். வாயைத் திறந்தால் எனக்குத் தங்கை இல்லை.


மார்ச் 29

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று மாலை, அதைப் படித்து மடித்துப் பாவாடை மடிப்பில் சொருகியிருந்தேன். அப்போது பஞ்சர் கடைப் பக்கம் சத்தம் கேட்டது.

கடைக்காரரின் சின்ன மகளை வெள்ளைக்கால் கடித்துவிட்டது. குழந்தை அதை ஒன்றும் செய்யவில்லையாம். சும்மா நின்றிருந்தவளின் மணிக்கட்டைக் கவ்வி உதறிவிட்டு ஓடியது. டியூபில் ஓட்டை பார்க்கிற தொட்டித் தண்ணீரில் அக்கா குழந்தையின் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் கறுப்பாக இருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?” என்று பஞ்சர் கடைக்காரர் கேட்டார்.

“எது கடிச்சது, வெள்ளைக்கால்தான? அது வெட்டுக் காது. ஊசி போட்ட நாய். அது கடிச்சதும் எறும்பு கடிச்சதும் ஒண்ணு” என்று யாரோ சொன்னார்கள்.

“இந்த நேரத்துல போனா ராத்திரி முழுக்க வரிசைல நிக்க விடுவான்” என்றார் இன்னொருவர்.

சலூன் மாமாவும் அங்கே இருந்தார். கையில் சீப்பு இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் சொல்லுவார் என்று நினைத்தேன். “சோப்புப் போட்டு நல்லாக் கழுவும்மா, ஒண்ணும் ஆகாது” என்றார். சொல்லிவிட்டுச் சீப்பிலிருந்த முடியை எடுத்துக் கீழே போட்டார்.

“அது ஊசி போடாத நாய்” என்று சொன்னேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

“யாரு, ஊமையா பேசுது?” என்று ஒரு பையன் சிரித்தான். “மழை வரப்போவுதுடா!”

“அந்தக் காது அவங்க வெட்டினது இல்ல. எங்க அண்ணன் வெட்டினது” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா குழந்தையின் கையைப் பிடித்தபடியே திரும்பினார். “என்னடி சொல்ற? எங்க முகத்தப் பாத்துச் சொல்லு.”

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தொட்டியைப் பார்த்துச் சொன்னேன். “அண்ணன்தான் வெட்டினான். வண்டி புடிச்சுட்டுப் போகக் கூடாதுன்னு. கருத்தடையும் இல்ல, ஊசியும் இல்ல. பாப்பாவக் கூட்டிட்டுப் போங்க.”

பஞ்சர் கடைக்காரர் கையைக்கூடத் துடைக்காமல் பைக்கை எடுத்தார். அக்கா குழந்தையோடு பின்னால் ஏறினார். போகும்போது என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

எல்லோரும் கலைந்தபின் சலூன் மாமா கிட்டே வந்தார். “உங்கண்ணன் வெளியில வரணும்னு உனக்கு ஆசை இல்லையா?” என்றார்.

எனக்கு இருந்த பேச்செல்லாம் தீர்ந்துவிட்டது. நேராக டாக்டரம்மாவிடம் போனேன். அங்கே போய் மறுபடி பேச வேண்டியதாயிற்று. டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “உங்க தெருவ ஊசி போட்டு முடிஞ்ச தெருன்னு வெச்சிருந்தேனேம்மா” என்றார். அவ்வளவுதான். ஓட்டுநர் வாசலில் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

வெள்ளைக்காலை அன்றே பிடித்துவிட்டோம். இங்கே தனிக் கூண்டில் இருக்கிறது. தண்ணீர் வைத்தால் கிட்டே வந்து நிற்கிறது. குடிக்கத் தெரியாததுபோல் நிற்கிறது.

அந்தப் பாப்பாவுக்கு ஊசி போட்டாகிவிட்டது. இன்னும் சிலது பாக்கி. இப்போது மற்ற நாய்களைப் பற்றித்தான் கவலை. வெள்ளைக்கால் வேறு எதைக் கடித்தது என்று யாருக்கும் தெரியாது. பின்தெருவிலிருந்து வந்து தங்கிவிட்ட வெட்டுக் காதுகளும் நம் தெருவில் இருக்கின்றன; ஆறிப்போன காதில் எது நேர், எது பிறை என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டால் அந்த ஒன்று போதும் என்கிறார் டாக்டரம்மா. எவையெவை என்று உனக்கு மட்டும்தான் தெரியும். மாமாவும் விஷயம் தெரிந்த மற்றவர்களும் ஞாபகம் இல்லை என்கிறார்கள்.

எனக்கு அண்ணன் இல்லை என்றாலும் சரி. அதை மட்டும் எழுதிவிடு.


ஏப்ரல் 5

உன் கடிதத்தைப் படிக்கிற ஐயா இந்த முறை கையில் கொடுக்கும்போது சிரிக்கவில்லை. வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிப்பார். கொடுத்துவிட்டு, “எழுதணும்னா பேப்பர் தரேன்” என்றார்.

எனக்கு ஆளின் பெயர் மறந்துவிடும், தலை மறக்காது. நாய்க்கும் அப்படித்தான். செம்பி. வெள்ளைக்கால். சலூன் மாமா வீட்டு மஞ்சள் நாய், அது வெட்டும்போது தும்மியது. மாடிப்படிக்கு அடியில் படுக்கிற தாயும் அதன் கறுப்புக் குட்டியும்; குட்டி இப்போது வளர்ந்திருக்கும். குழாயடி நொண்டி. விறகுக் கடைக்காரரிடம் இரண்டு, இரண்டில் பெரியதுக்கு வலது காதில் வெட்டிவிட்டேன், தப்பாகப் போய்விட்டது என்று அன்றைக்கு நானும் மாமாவும் சிரித்தோம். பள்ளிக்கூட வாசலில் ஒரு கிழம். வேறு இல்லை. மூன்று நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காலுக்கு வெட்டி முடித்துத் துணியை அவிழ்த்ததும் என் கையை நக்கியது. இங்கே படுத்தால் அதுதான் வருகிறது. ஊசி என்று ஒன்று இருப்பதை நான் நினைக்கவே இல்லை. காதைத்தான் நினைத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே, காதோரம்.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று எழுது. அவளுக்கு முதல் மொட்டை நான்தான் அடித்தேன். அழவே இல்லை.

வழக்கைப் பற்றி இனி என்னிடம் எதுவும் எழுதாதே. வருவது வரட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குட்டையனை மட்டும் விட்டுவிடு. அவனுக்கு ஊசி வேண்டுமானால் வீட்டிலேயே வைத்துப் போடட்டும். வண்டியில் ஏற்றாதே. அவன் கழுத்தில் அந்தக் கயிறு விழுந்ததைப் பார்த்தவன் நான். நான் வெளியே வந்ததும் நானே தூக்கிக்கொண்டு போகிறேன். நானே மடியில் வைத்துக்கொள்கிறேன். அதுவரை விடு.

அண்ணன்


ஏப்ரல் 13

அண்ணா,

வெள்ளைக்கால் செத்துவிட்டது. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வெறிநோய்தான்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். இன்னும் ஓர் ஊசி பாக்கி. என்னைக் கண்டால் ஓடி ஒளிகிறாள். நான்தான் ஊருக்கே ஊசி போடுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ எழுதிய மற்ற நாய்கள் எல்லாமே இருக்கின்றன. பள்ளிக்கூட வாசல் கிழம் உட்பட. டாக்டரம்மா என்னையே கதவைத் தட்டச் சொன்னார். “நான் தட்டினா சாத்துவாங்க, நீ தட்டினா திட்டுவாங்க. திட்டறவங்க கதவத் தொறந்துதான திட்டணும்” என்றார். அது உண்மைதான். எல்லோரும் திறந்தார்கள்.

விறகுக் கடைக்காரர், “அப்போ உங்கண்ணன் எங்களையும் சேத்துத்தான் ஏமாத்தினானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அவனுக்காகக் கையெழுத்துப் போட்டனே” என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவர் விறகை அடுக்கிக்கொண்டே, போட்டது போட்டதுதான், அழிக்கப் போவதில்லை என்றார். ஆனால் நாயைத் தரவில்லை. யாருமே தரவில்லை. கருத்தடை, ஊசி எல்லாம் நல்லது என்று இப்போது தலையாட்டுகிறார்கள். வண்டி என்றதும் நாயை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். மொட்டைவாலும் சோம்பேறியும் திரும்பி வராததை யாரும் மறக்கவில்லை. இவர்கள் விட்ட நாய்களை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். “நீ அவங்ககிட்ட வேலை பாக்கறவ, அப்படித்தான் சொல்லுவ” என்றார்கள்.

வழக்கைப் பற்றி எழுதாதே என்றாய். ஒரே வரி எழுதுகிறேன். ஓட்டுநரிடம் கேட்டேன். “கோர்ட்ல கேக்கறப்ப சொல்லிக்கறேன்” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் முகத்திலும் தெரிந்திருக்காது.

இன்று காலை வண்டி தெருமுனையில் வந்து நின்றது. நீ போனபிறகு இதுதான் முதல் தடவை. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் கையிலும் நாய் இல்லை. அம்மாவும் வேலைக்குப் போகாமல் நின்றாள். பஞ்சர் கடை அக்கா தெருவின் நடுவில் வந்து நின்றார்.

“எங்க நாய்க்கெல்லாம் உங்கண்ணன் காது வெட்டினான். உங்க வீட்டு நாய்க்கு மட்டும் காது முழுசா இருக்கு” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. “முதல்ல அத ஏத்து. அது திரும்பி வரட்டும். அப்புறம் வந்து எங்க கதவத் தட்டு.”

சலூன் மாமா மஞ்சள் நாயைக் கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். செம்பியும் அவர் வாசலில்தான் படுத்திருந்தது, குட்டிகளோடு.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்திருந்தேன். வீட்டிலேயே ஊசி போடலாம். நீ வந்து தூக்கிப்போகலாம். எப்போது வருவாய் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவைப் பார்த்தேன். அவள் குட்டையனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். குட்டையனுக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. படியில் எழுந்து நின்று உறுமினான். ஓட்டுநர் கயிற்றை எடுக்கவில்லை. தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

நான் குட்டையனைத் தூக்கினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தான். நடந்து போய் வண்டிக்குள் வைத்தேன். பிறகு நானும் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளிருந்தபடியே கதவை இழுத்துச் சாத்தினேன்.